பயன்படக்கூடியது எட்டு

புன்டா அரினாசில் ஜூலை மாதம்
ஐந்தரைக்கே இருட்டிவிடும்.
காற்று இங்கே கதவைத் தட்டாது,
தோளால் இடிக்கும்.

சனிக்கிழமைக்குள் தரவேண்டும்
ஒயார்சுன் வீட்டுப் பெண்ணின்
பதினைந்தாம் பிறந்தநாள் வீடியோ.
அப்பாவோடு வால்ட்ஸ் ஆடி
இரண்டாவது சுற்றில் அவள் திரும்பும்போது
பாவாடை பாதி விரிந்தபடி நிற்கிறது
என் கணினித் திரையில்,
நாலு நாளாக.

வரியில்லாக் கடைத்தெருவுக்குப் போய்
இருபத்தாறாயிரம் பேசோ கொடுத்து
வாங்கிவந்தேன் ஒரு பச்சைச் சீப்பு.
எட்டு ஜிபி ராம்.
ஏற்கெனவே இருப்பது எட்டு.
கூட்டிப் பார்க்க வாத்தியார் வேண்டாம்.

கம்பளிக் காலுறையைக் கழற்றினேன்.
ஹீட்டர் குழாயைத் தொட்டு
உடம்பிலிருந்த மின்சாரத்தை இறக்கிவைத்தேன்.
பக்கத் தகட்டைத் திறந்தால்
தூசி, தூசிக்கு நடுவே
போன வருடம் செத்த பூனையின்
ஆரஞ்சு முடி இரண்டு.
அதை மட்டும் கவனமாக எடுத்து
மேசையில் வைத்தேன்.

காடிக்கு நேராகப் பிடித்து
இரண்டு கட்டைவிரலாலும் அமுக்க,
இரண்டு பக்கக் கொக்கியும் டக்கென்று பூட்டிக்கொண்டன.
கணினி எழுந்தது.
எட்டு என்றது.

பிடுங்கினேன்.
தங்கப் பற்களை ரப்பரால் தேய்த்தேன்.
ஊதவில்லை, எச்சில் படும்.
புதியதை மட்டும் போட்டேன். எட்டு.
பழையதை மட்டும். எட்டு.
இடம் மாற்றி இரண்டையும். எட்டு.
பந்தியில் உட்காரவைத்துவிட்டு
இலை போடாமலே போகிறார்கள்.

மாடியிலிருந்து இறங்கிவந்தார் எலியாசர் மன்சீயா.
நண்டு ஆலையில் குளிர்சாதனம் பார்ப்பவர்,
கையைக் கழுவியும் நண்டு வாசனை.
எதையும் கழற்றவில்லை அவர்.
எழும்போதே ஒரு விசையைத் தட்டித் தட்டி
நீலத் திரைக்குள் நுழைந்தார்.
அங்கே இருந்தது: 16384.

“போர்டுக்குத் தெரிந்திருக்கிறது, தானித்சா.
மேலே இருக்கிறவன்தான் ஒத்துக்கொள்ளவில்லை.”

மேலே இருக்கிறவனின் பக்கத்தில் எழுதியிருந்தது:
நிறுவப்பட்டது பதினாறு,
பயன்படக்கூடியது எட்டு.
இந்த இரண்டு வரியையும் ஒன்றாக
எந்த ஜன்மத்தில் படித்தேன் என்று யோசிப்பதற்குள்
அவர் வேறொரு சன்னலைத் திறந்துவிட்டார்.
துவக்கம். கூடுதல் தேர்வுகள்.
ஒரு சின்னக் கட்டம், அதில் ஒரு டிக்.
அதிகபட்ச நினைவகம்: 8192.

“யார் போட்டது இதை?”

தொலைக்காட்சியையும் மோடத்தையும்
தூக்கிக்கொண்டு போன புரூனோவா?
விற்ற கடைக்காரனா?
வைரஸா?
ஒவ்வொருவரையாகக் கூண்டில் ஏற்றிக்கொண்டிருந்தபோது
நினைவு வந்தது.
மூன்று வருடத்துக்கு முன், ஓர் ஆகஸ்ட் இரவு,
வேகம் கூடும் என்று யாரோ சொன்னதை நம்பி
உள்ளே போய் நானே போட்ட டிக்.
அதிகபட்சம்.
எனக்கு அது வானம் மாதிரிக் கேட்டது.
இயந்திரத்துக்கு அது கூரை.

“தெரியாது” என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை.
டிக்கை எடுத்தார், மறுபடி எழுப்பினார்.
பதினாறு. பயன்படக்கூடியது பதினைந்து புள்ளி ஒன்பது.

“மிச்சம் எங்கே?”
“அது தனக்கென்று கொஞ்சம் எடுத்துவைத்துக்கொள்ளும்.”
“எதற்கு?”
“விடேன்.”

அவர் போனபின் ஓடவிட்டேன்.
பாவாடை முழுதாக விரிந்தது.
விரிந்து, சுற்றி, அமர்வதற்குள்
அப்பா அவள் காலை மிதித்துவிடுகிறார்.
“ஆ” என்று வாய் திறந்து, உடனே சிரிக்கிறாள்.
நாலு நாளும் இதற்கு ஒரு நொடி முன்னால்தான்
நின்றுகொண்டிருந்திருக்கிறேன்.

இந்த இடத்தை வெட்டச் சொல்வார்கள்.
சொல்லட்டும்,
அப்போது பார்க்கலாம்.